யாரும் காசு கொடுக்காத படம்

கருப்பு உடை உடுத்திய ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். முதுகை நாற்காலியிடம் ஒப்படைக்காமல், உடம்பை முன்னால் கொண்டுவந்து உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் விழும்படி கத்தரித்த முடி. பார்வை நேரே நம் மேல். உதட்டில் இருப்பது சிரிப்பா, சிரிப்பு வரப்போகிறதா என்று தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. எதிரில் இருப்பவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், இவர் அதைக் கேட்டு முடித்ததும் பதில் சொல்லப் போகிறார், அந்தப் பதில் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

படம் 1881-ல் வரையப்பட்டது. வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பெர்தா வெக்மன். உட்கார்ந்திருப்பவர் ஸ்வீடனில் பிறந்த ஜேன்னா பௌக். அவரும் ஓவியர்தான். வெக்மனுக்கு அப்போது 33 வயது. பௌக் நாற்பதைத் தொட்டுவிட்டவர். மியூனிக்கில் ஆரம்பித்த சிநேகிதம். சேர்ந்து படித்து, சேர்ந்து இத்தாலிக்குப் போய் வரைந்து, ஒரே ஸ்டுடியோவில் வேலை செய்தவர்கள். படம் இன்று ஸ்டாக்ஹோமில் உள்ள நேஷனல்மியூசியத்தில் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. அந்த மியூசியம் 2016-ல், காப்புரிமைக் காலம் முடிந்த ஆயிரக்கணக்கான ஓவியங்களை நல்ல பெரிய அளவில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விக்கிமீடியாவுக்குக் கொடுத்துவிட்டது. அந்தப் புண்ணியத்தில்தான் வடக்கு ஐரோப்பாவின் பெண் ஓவியர்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதன் நெருக்கத்தைத்தான். சரிதான், பார்த்த உடனே தெரிகிற விஷயம் அது. ஆனால் அந்த நெருக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ‘தோழமை’, ‘அன்பு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அன்பு இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. உலகத்தில் மனைவியை அன்போடு வரைந்த ஓவியர்கள் எத்தனையோ பேர். அந்தப் படங்களில் முக்கால்வாசி மனைவிகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அன்பு மட்டும் ஒரு முகத்தை இப்படி ஆக்கிவிடாது.

எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அதைச் சொல்ல என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் உருவப்படம் வரைந்து கொடுத்துக் காசு வாங்குகிறவள். அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா அம்மா படம், காலமான பாட்டியின் படம், நிச்சயதார்த்தப் பரிசாக ஜோடிப் படம் என்று வரும். வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்புவார்கள். கூடவே கோரிக்கைகளும் வரும்: மூக்குக்கண்ணாடி வேண்டாம், புடவை மட்டும் பச்சையா மாத்திடுங்க, அம்மாவுக்குக் கழுத்துல அந்தப் பழைய அட்டிகை போட்டுடுங்க, அப்புறம் கொஞ்சம் கலரா போட்டுடுங்க மேடம். கடைசியாகச் சொன்னது வராத ஆர்டர் எனக்கு நினைவில்லை. நான் செய்தும் கொடுத்திருக்கிறேன். காசு கொடுக்கிறவருக்கு அந்த முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒரு பாத்தியதை உண்டு. வரைகிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த மூன்றாவது ஆள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

வெக்மன் பௌக்கை வரைந்தபோது அந்த மூன்றாவது ஆள் அறையில் இல்லை. யாரும் கேட்டு வரைந்த படம் இல்லை அது. உட்கார்ந்திருப்பவருக்கோ வரைகிறவருக்குத் தெரிந்த அத்தனையும் தெரியும். இந்த இரண்டாவது விஷயம் முதல் விஷயத்தைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

உட்காருவது ஒரு வேலை. புதிதாக உட்காருகிறவர் முதல் பத்து நிமிஷத்தில் முகத்தைக் கல்லாக்கிக்கொள்வார். கழுத்து விறைத்துவிடும், மூச்சைக்கூட அளந்து விடுவார். ஓவியராக இருப்பவருக்கு அந்தப் பயம் கிடையாது. எதிரே இருப்பவர் இப்போது மோவாயைப் போடுகிறாரா, கையைப் போடுகிறாரா என்பது பார்வை போகிற திசையை வைத்தே தெரிந்துவிடும். மோவாயில் தூரிகை இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு, கைக்குப் போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரலாம். ஜன்னல் வெளிச்சம் நகர்ந்துவிட்டால் ‘இன்றைக்குப் போதும்’ என்று உட்கார்ந்திருப்பவரே சொல்லலாம். எழுந்து வந்து கேன்வாஸைப் பார்த்துவிட்டு, நிழல் ரொம்பப் பழுப்பாக இருக்கிறது என்றும் சொல்லலாம். சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பௌக் நிலக்காட்சி ஓவியர். காடு, நீர்நிலை, அந்தி வெளிச்சம் இவைதான் அவர் துறை. வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருந்திருக்காது.

அந்தக் கருப்பு உடையைப் பற்றி ஒரு வார்த்தை. ட்யூபிலிருந்து கருப்பை நேராகப் பிதுக்கிப் பூசினால் கேன்வாஸில் ஓட்டை விழுந்தமாதிரி இருக்கும். நீலத்தையும் பழுப்பையும் கலந்து, ஒரு பக்கம் குளிர்ச்சியாகவும் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் கொண்டுபோனால்தான் துணி துணியாகத் தெரியும், அதற்குள் ஓர் உடம்பு இருப்பது தெரியும். அக்கால பாரிஸில் கருப்பு உடை உருவப்படம் என்பது ஓவியருக்குத் தன் கையைக் காட்ட ஒரு பரீட்சை. அது நாகரிகமான உடையும்கூட. வண்ணக் கறை படிந்த மேலங்கியில் பௌக்கை உட்காரவைத்திருந்தால் ‘பாவம், உழைப்பாளிப் பெண்’ என்று பார்க்கிறவர்கள் இரக்கப்பட்டிருப்பார்கள். இங்கே அந்த இரக்கத்துக்கு இடமே இல்லை. நன்றாக உடுத்திய, நாலு இடம் பார்த்த ஒருவர். அதே சமயம் இடம் வரவேற்பறை இல்லை, ஸ்டுடியோ. தொழில் சாமான் பக்கத்தில் இருக்கிறது. இவர் வரைந்து பிழைக்கிறவர் என்பதை மறைக்கவும் இல்லை, தம்பட்டம் அடிக்கவும் இல்லை.

இந்த இருவரும் அந்த அறைக்கு வந்து சேர்ந்த வழி சுலபமானதாக இருக்கவில்லை.

வெக்மன் பிறந்தது 1847 டிசம்பரில், ஸ்விட்சர்லாந்தில் சொலியோ என்கிற மலைக் கிராமத்தில். ஐந்து வயதில் குடும்பம் கோபன்ஹேகனுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா வியாபாரி, ஓவியத்தில் பிரியம் உள்ளவர். மகளுக்குக் கை நன்றாக வந்தாலும் முறையான பயிற்சி பத்தொன்பது வயது வாக்கில்தான் ஆரம்பித்தது. அதுவும் தனி ஆசிரியர்களிடம், ஏனென்றால் டென்மார்க்கின் அரச கலைக் கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1860-களின் கடைசியில் மியூனிக் போனார். அங்கேயும் அகாடமியின் கதவு மூடித்தான் இருந்தது. மியூனிக் அகாடமி பெண்களைச் சேர்க்க 1920 ஆயிற்று! அதனால் மறுபடியும் தனி ஆசிரியர்கள். சரித்திரக் காட்சிகள் வரைந்த லிண்டன்ஷ்மிட், பிறகு அன்றாட வாழ்க்கைக் காட்சிகள் வரைந்த குர்ட்ஸ்பவர். இரண்டு பேரிடமும் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. இனி நேரே பார்த்து வரைந்துதான் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தார்.

பௌக் 1840-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். அப்பா இசையமைப்பாளர், இசை விமர்சகர். 1863-ல் பௌக் ஓவியம் படிக்க ஜெர்மனிக்குப் போனார்: டிரெஸ்டன், டுசல்டோர்ஃப், பிறகு மியூனிக். இதில் ஒரு வேடிக்கை, அவர் கிளம்பிப் போன மறு வருஷம்தான், 1864-ல், ஸ்டாக்ஹோம் அகாடமி பெண்களுக்குத் தனிப் பிரிவு திறந்தது. ஒரு வருஷம் பொறுத்திருந்தால் ஊரிலேயே படித்திருக்கலாம். வெக்மனைச் சந்திக்காமலும் போயிருக்கலாம்.

மியூனிக்குக்குப் பிறகு இருவரும் போன பாரிஸின் கதையும் அப்படித்தான். அரசுக் கலைப்பள்ளியான எக்கோல் தெ போஸார் பெண்களைச் சேர்த்தது 1897-ல். அதுவரை தனியார் பள்ளிகள்தான். ஜூலியான் அகாடமி பெண்களைச் சேர்த்துக்கொண்டது, ஆண்களிடம் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக் கட்டணத்துக்கு. இப்படி எல்லாப் பக்கமும் பணம் கொடுத்து, கதவு கதவாகத் தட்டி, வெளிநாட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு ஓவியம் கற்ற வடக்கு ஐரோப்பியப் பெண்கள் 1880-களில் பாரிஸில் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள்.

தனியாக இருந்தால் கட்டுப்படியாகாது. ஸ்டுடியோ வாடகை, குளிர்காலத்துக்குக் கரி, கேன்வாஸ், மாடலுக்கு மணிக்கணக்கில் கூலி. இரண்டு பேர் சேர்ந்தால் எல்லாம் பாதி. மாடல் கூலி மட்டும் முழுதாகவே மிச்சம், ஒருவரை ஒருவர் வரைந்துகொள்ளலாம் அல்லவா! தோழியின் உருவப்படங்கள் அந்தக் காலத்தில் இத்தனை இருப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். இதைச் சொன்னால் படத்தின் மரியாதை குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சட்டமும் இதில் வருகிறது. டென்மார்க்கில் 1857-ல் வந்த சட்டப்படி, 25 வயது நிரம்பிய, திருமணமாகாத பெண்ணுக்குத் தன் சொத்துபத்து விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. கல்யாணம் ஆன பெண்ணுக்குத் தன் சம்பாத்தியம் தன் கையில் என்று சட்டம் சொன்னது 1880-ல்தான். அதாவது பௌக்கின் படத்துக்கு ஒரு வருஷம் முன்னால்தான். வெக்மனும் சரி, பௌக்கும் சரி, யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணம் செய்திருந்தால் வெக்மனின் ஆரம்ப காலச் சம்பாத்தியத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வேறொருவருக்குப் போயிருக்கும்.

‘இருவரும் காதலர்களா?’ என்கிற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். இப்போதெல்லாம் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. அதைக் கேட்டுப் பதறி ‘இல்லை இல்லை, வெறும் சிநேகிதிகள்’ என்கிறவர்களும் உண்டு. அந்த ‘வெறும்’தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்து, சேர்ந்து ஊர் ஊராகப் போன இருவரின் உறவில் வெறுமை எங்கே இருக்கிறது? காதலாக இருந்திருந்தால் இருக்கட்டும். படம் அந்த விவரத்தைச் சொல்லவில்லை. அது சொல்வது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் புத்திமீது வரைகிறவருக்கு இருக்கும் மரியாதையை. அந்தக் கண்களில் ஓர் ஆள் யோசித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. வசீகரமாகத் தெரிய வேண்டும் என்கிற முயற்சி துளியும் இல்லாமல் அந்த முகம் வசீகரமாக இருக்கிறது.

பௌக் திருப்பிச் செய்த மரியாதையும் நேஷனல்மியூசியத்திலேயே இருக்கிறது. வெக்மன் ஓர் உருவப்படத்தை வரைந்துகொண்டிருப்பதை பௌக் வரைந்திருக்கிறார். இரண்டையும் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. வெக்மனின் படத்தில் பௌக் நம்மைப் பார்க்கிறார். பௌக்கின் படத்தில் வெக்மன் யாரையும் பார்க்கவில்லை, அவருக்கு நேரம் இல்லை. கவனம் முழுக்க, கேன்வாஸை நிறுத்திவைக்கும் சட்டமான ஈசலில். அந்த ஈசலில் இருப்பது ஓர் ஆணின் முகம். ஒரு பெண் தொழில் செய்கிறார், ஓர் ஆண் அதற்குப் பொருளாக இருக்கிறார். ஓவிய சரித்திரத்தில் நூற்றுக்கணக்கான முறை நாம் பார்த்த ஸ்டுடியோ காட்சியை ஆள் மாற்றிப் போட்டிருக்கிறார் பௌக். அதுவும் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல். நிலக்காட்சிக்காரர் என்பதால் அறைக்குள் வரும் வெளிச்சத்தைத்தான் முதலில் பார்த்திருப்பார் போலிருக்கிறது, மனுஷி அதற்கு அப்புறம்தான்.

ஒருவர் தோழியின் முகத்தை எடுத்துக்கொண்டார், மற்றவர் தோழியின் வேலையை. எது அதிக நெருக்கம் என்று கேட்டால் என் ஓட்டு இரண்டாவதற்கு. வேலை செய்யும்போது நம் முதுகும் தோளும் எப்படி இருக்கும் என்பது நமக்கே தெரியாது. கூடவே இருப்பவருக்குத்தான் தெரியும்.

இந்த வகைப் படங்களில் எனக்கு இன்னொன்றும் ரொம்பப் பிடிக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த ஹன்னா ஹிர்ஷ், கல்யாணத்துக்குப் பிறகு ஹன்னா பௌலி, பாரிஸில் தன்னோடு ஸ்டுடியோவைப் பகிர்ந்துகொண்ட பின்லாந்துத் தோழி வென்னி சோல்டானை வரைந்தது. 1887-ல் சலோன் என்கிற பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்தப் படம் இப்போது கோத்தன்பர்க் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வென்னி தரையில் உட்கார்ந்திருக்கிறார். சாதாரணக் கருப்பு உடை. கால் நம் பக்கம் நீண்டிருப்பதால் செருப்படி, அதாவது பூட்ஸின் அடிப்பாகம், நம் முகத்துக்கு நேரே தெரிகிறது. கையில் களிமண் உருண்டை, விரலெல்லாம் அந்த வேலை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பேச்சு நடுவில்தான் இருக்கிறார். மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண்ணை இப்படியா வரைவது என்று ஊரில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வெக்மன் ஆறு வருஷம் முன்னால் வரைந்தது இத்தனை துணிச்சலானது இல்லை. நாற்காலி இருக்கிறது, நல்ல உடை இருக்கிறது. ஆனால் அந்த முன்னால் சாய்ந்த உடம்பு இருக்கிறதே, தரையில் உட்காருவதற்கு அங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த வருஷங்கள் வெக்மனுக்கு நல்ல வருஷங்கள். பாரிஸ் சலோனில் முதலில் கௌரவக் குறிப்பு கிடைத்தது, 1882-ல் பதக்கம். அதே ஆண்டு கோபன்ஹேகன் திரும்பினார். தன் சகோதரி சேகாம்ப் அம்மாளை வரைந்த உருவப்படத்துக்காக 1883-ல் தோர்வால்ட்சன் பதக்கம், டென்மார்க்கில் ஓவியருக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை. கவனித்தீர்களா, அதுவும் வீட்டு ஆள்தான். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை எல்லாம் தெரிந்த முகங்கள். பெயர் வந்த பிறகு கோபன்ஹேகனின் பணக்காரக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. ஆர்டர்கள் குவிந்தன.

1887-ல் அரச கலைக் கழகத்தின் சபையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்த முதல் பெண் அவர். அந்தக் கழகத்தின் பள்ளியில் பெண்கள் மாணவிகளாகச் சேர வழி பிறந்தது 1888-ல்தான், அதுவும் தனியாக ஒரு பெண்கள் பிரிவு. ஒரு வருஷம், எந்தப் பள்ளியில் மாணவியாகச் சேர அவருக்குத் தகுதி இல்லையோ அந்தக் கழகத்தின் சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார் வெக்மன். அந்தக் கூட்டங்களில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து பார்க்க எனக்கு ஆசை.

இத்தனை புகழும் எங்கே போயிற்று? 1893 சிகாகோ உலகக் கண்காட்சி வரைக்கும் போனவர், 1895-ல் கோபன்ஹேகனில் நடந்த பெண்கள் கண்காட்சியில் இடம்பெற்றவர், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காணாமல் போனார். டென்மார்க் ஓவிய சரித்திரத்தை எழுதியவர்களுக்கு ஸ்காகன் என்கிற டென்மார்க் மீனவ ஊரின் கடற்கரையை வரைந்த ஓவியர்கள் வேண்டியிருந்தார்கள், தேசிய மணம் வேண்டியிருந்தது. மியூனிக்கிலும் பாரிஸிலும் கற்ற, ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஒருவரை எந்தப் பெட்டியில் போடுவது? இன்னொரு காரணம் தொழிலிலேயே இருக்கிறது. காசு கொடுத்து வரையச் சொன்ன படம் அந்தக் குடும்பத்தின் சுவருக்குத்தான் போகும். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு, பேரனிடமிருந்து பரணுக்கு. வருஷக்கணக்காக உழைத்துச் சம்பாதித்துக் கொடுத்த படங்களில் பெரும்பாலானவை பொதுமக்கள் கண்ணில் படாமல் போய்விட்டன. கூலி இல்லாமல் தோழியை வரைந்தது மியூசியத்தில் தொங்குகிறது. 2022-ல் கோபன்ஹேகனின் ஹிர்ஷ்ப்ரூங் அருங்காட்சியகம் அவருக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடத்திய பிறகுதான் டென்மார்க்கிலேயே பலருக்கு அவர் பெயர் தெரிந்தது.

பௌக் ஜெர்மனிக்குத் திரும்பி அங்கேயே தங்கிவிட்டார். மியூனிக்கில் பெண்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார், பிறகு பெர்லினில் பெண் ஓவியர் சங்கத்தின் பள்ளியில் ஆசிரியை ஆனார். அங்கே 1890-களின் பிற்பாதியில் அவரிடம் வந்து சேர்ந்தார் இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண், பௌலா பெக்கர். பிற்காலத்தில் பௌலா மோடர்ஸோன்-பெக்கர் என்று உலகம் அறிந்த ஜெர்மன் ஓவியர். பௌலா வீட்டுக்கு எழுதிய கடிதமொன்றில் இந்தப் புது ஆசிரியையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இளம்பெண்களுக்கே உரிய இரக்கமின்மையோடுதான் ஆரம்பிக்கிறார்: தோற்றம் ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, வாரப்படாத தலை, இடுப்பை இறுக்கும் கார்செட் போடாத பருத்த உடம்பு. அதற்குப் பிறகு கண்களுக்கு வருகிறார். உற்சாகமான, பிரகாசமான கண்கள், எதையாவது பார்த்துக்கொண்டே இருக்கும் கண்கள் என்கிறார்.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். உருவப்படம் வரைகிறவர்களைப் பற்றி எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம், ‘நிஜத்தில் அப்படித்தான் இருந்தாரா, இல்லை நீங்கள் கூட்டிப் போட்டீர்களா’ என்பதுதான். இங்கே சாட்சி கிடைத்துவிட்டது. பதினாறு வருஷம் கழிந்திருக்கிறது. அழகான கருப்பு உடை போய்விட்டது, இடுப்பு போய்விட்டது, தலை கலைந்திருக்கிறது. பௌக்கிடம் எந்தக் கடனும் படாத, அவரை அழகாகக் காட்டுவதில் எந்த லாபமும் இல்லாத ஒரு மாணவி அவரைப் பார்க்கிறாள். அவள் பார்த்த கண்ணைத்தான் வெக்மனும் 1881-ல் பார்த்திருக்கிறார். வெக்மன் எதையும் கூட்டிப் போடவில்லை.

வெக்மனும் பௌக்கும் காலமானது ஒரே வருஷத்தில், 1926-ல். வெக்மன் கோபன்ஹேகனில், பௌக் மியூனிக்கில்.

பௌலா அவர்களுக்கெல்லாம் முன்னாலேயே, 1907-ல், 31 வயதில் போய்விட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவரும் ஒரு தோழியை வரைந்தார்: சிற்பி கிளாரா வெஸ்ட்ஹோஃப். வெள்ளை உடை, கையில் ஒரு சிவப்பு ரோஜா, பார்வை நம் மேல் இல்லை. அப்போது இருவருக்கும் நடுவில் சில மனத்தாங்கல்கள் நடந்து முடிந்திருந்தன. ஹாம்பர்க்கில் இருக்கும் அந்தப் படத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இதில் அடங்காது.